உள்ளே போகாத கோட்டைகள்

1

போன கிழமை மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் ஹைக்கே என்னிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டாள். வுப்பர்டாலில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் அவளும் நானும் பல வருடங்களாக ஒன்றாக வேலை செய்கிறோம். அவள் விரிப்புகளை மடிப்பாள். நான் உடுப்புகளில் தைத்திருக்கும் பெயர்களைப் பார்த்து அறைவாரியாக அடுக்குவேன். இந்தக் கோடைக்கு அவளும் கணவனும் வேல்ஸ் கடற்கரைக்குப் போகிறார்களாம்.

"போன வருஷம் நீ அங்கே போனாய்தானே, மதி. எந்தக் கோட்டை உள்ளே பார்க்க நல்லா இருக்கும்?"

தெரியாது என்றேன். தன்னுடைய ஜெர்மன் எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து, அதே கேள்வியை மெதுவாக, வாயை அகலத் திறந்து இன்னொரு தரம் கேட்டாள். முதல் தரமே எனக்கு விளங்கியிருந்தது. வேல்ஸில் நான்கு கோட்டைகளுக்குப் போனேன். நான்கையும் வெளியே இருந்து பார்த்தேன். ஒன்றுக்குள்ளும் போகவில்லை. இதைச் சொல்லத் தொடங்கினால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொல்ல அந்த இடைவேளை போதாது.

அவளுக்குச் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவர்களுக்குப் போன வருட ஆவணி எப்படி இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த ஆவணியை இங்கே இருந்து பார்த்தவர்களுக்கு அது எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

2

என் கணவர் குகதாசன் எண்பத்தேழில் கிழக்கு பெர்லின் வழியாக ஜெர்மனிக்கு வந்தவர். அகதி விண்ணப்பம், அதன் நிராகரிப்பு, பிறகு வழக்கு, ஆறு மாதத்துக்கு ஒரு விசா, ஒவ்வொன்றுக்கும் நாள் குறித்துத் தரும் ஒரு டெர்மின் என்று அவருடைய நல்ல வயது முழுவதும் வெளிநாட்டவர் அலுவலகத்தின் நீண்ட வாங்கிலில் கழிந்தது. ஒருவழியாக எங்களுக்கு ஜெர்மன் பாஸ்போட் கிடைத்தபோது ஊரில் சமாதானம் என்றார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை திறந்திருந்தது. தெரிந்தவர்கள் எல்லோரும் கோடை லீவுக்கு ஊருக்குப் போய், மாம்பழமும் கறுத்த முகமுமாகத் திரும்பி வந்தார்கள். இவர் மட்டும் ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு காரணம் சொல்லிப் பின்போட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் இரண்டாயிரத்து ஆறில்தான் துணிந்தார். அப்போது சமாதானம் ஏற்கெனவே கிழியத் தொடங்கிவிட்டது. போக வேண்டாம் என்று சொன்னேன்.

"இப்ப போகாட்டி பிறகு எப்ப போறது? பவளத்தைப் பாக்க வேணும்."

பவளம் அவருடைய ஒரே தங்கச்சி. எனக்கு மச்சாள். புருஷனை இழந்து, இரண்டு பெண்பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கிறாள். அவர் புறப்பட்டபோது அவளுக்குப் பதினைந்து வயது. அதற்குப் பிறகு அவர் அவளைப் பார்த்ததெல்லாம் படங்களில்தான்.

எங்கள் மகள் துளசியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அவருக்குப் பெரிய ஆசை. துளசி பல்கலைக்கழகத்தில் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் படிப்புப் படிக்கிறாள். இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு இரக்கப்படுவார்கள். அந்தக் கோடையில் அவளுக்கு வேல்ஸில், கொன்வி என்ற கடலோர ஊரில் உள்ள கோட்டையில் பயிற்சி கிடைத்திருந்தது. பழைய சுவர்களின் இடுக்குகளில் சுண்ணாம்புச் சாந்து நிரப்புவதைப் பழக வேண்டும்.

"அப்பா, எனக்கு ஏலாது," என்று தமிழில் தொடங்கினாள். மிச்சத்தை ஜெர்மனில் சொன்னாள். எப்போதும் அப்படித்தான். தமிழ் முழுவதும் விளங்கும், இரண்டாவது வசனத்துக்கு வாய் ஜெர்மனுக்குப் போய்விடும். பிராக்டிகும் என்ற இந்தப் பயிற்சி இல்லாமல் அடுத்த செமஸ்டர் தொடங்க முடியாது என்றாள். அடுத்த வருடம் கட்டாயம் வருவதாகச் சொன்னாள்.

"அடுத்த வருஷம் பாதை இருக்குதோ தெரியாது," என்றார் அவர்.

"அப்ப இந்த வருஷம் ஏன் போறீங்கள்?"

அவர் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். ஆடி மாதம் தனியாகப் புறப்பட்டார். எனக்கு ஆவணியில்தான் லீவு. வீட்டில் தனியாக இருந்து என்ன செய்வது என்று நான் துளசியிடம் போனேன்.

3

மான்செஸ்டரில் இறங்கி ரயில் எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் ரயில் கடலை ஒட்டி ஓடத் தொடங்கியது. பிறகு ஒரு திருப்பத்தில் யன்னல் முழுவதையும் ஒரு சுவர் மறைத்தது. அது கொன்விக் கோட்டையின் அடிச்சுவர் என்று எனக்குத் தெரியாது. ஏதோ சுரங்கப்பாதை என்று நினைத்தேன். துளசி மேடையில் நின்றாள். முடியில் சுண்ணாம்புத் தூசி. கை தோலுரிந்து ஒரு கொத்தனின் கைபோல் இருந்தது. கட்டிப்பிடித்தபோது அந்தக் கையைத்தான் முதலில் தடவினேன்.

அவளுடைய அறை பழைய மதிலுக்குள் இருந்த ஒரு வீட்டின் மாடியில். யன்னலைத் திறந்தால் கோட்டையின் ஒரு கோபுரமும் கடற்காகங்களும். அன்று பின்னேரம் துறைமுகப் பக்கம் ஒரு தேநீர்க்கடைக்குப் போனோம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் உண்டு என்ற தைரியத்தில், பரிமாற வந்த பெண்ணிடம் நானே தேநீர் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். துளசி மேசையில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஜெர்மனில் 'பெக்கொம்மன்' என்றால் கிடைப்பது. அதே மாதிரி ஒலிக்கும் 'பிகம்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டு, "நான் ஒரு தேநீராக மாறலாமா?" என்று கேட்டிருக்கிறேன். என் மகள் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது. அதற்காக இன்னும் இரண்டு மூன்று பிழை விட்டிருக்கலாம் என்று தோன்றியது.

தேநீர் குடித்தபடி கோட்டையைப் பார்த்தேன். பெரிய கோட்டை. அதன் மேல் வேல்ஸின் சிவப்புப் பறவைநாகக் கொடி பறந்தது.

"இந்த ஆக்கள் கெட்டிக்காரர்தான். எவ்வளவு பெரிசாக் கட்டியிருக்கினம்," என்றேன்.

"இவை கட்டேல்லை அம்மா. இங்கிலாந்து ராசா ஒராள் வந்து பிடிச்சுப்போட்டு, இவையை அடக்கிறதுக்குக் கட்டினது. இந்த மதிலுக்குள்ள இவையை இருக்க விடேல்லை."

"அப்ப எதுக்கு இடிக்காமல் வைச்சிருக்கினம்? அதுக்குச் சாந்து வேற பூசுகினம்."

துளசி கோட்டையைத் திரும்பிப் பார்த்தாள். "இப்ப இது இவையின்ர," என்றாள்.

அந்தப் பதில் எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் அன்று மனம் லேசாக இருந்தது. என் கணவர் முதல் நாள்தான் கொக்குவிலில் இருந்து போன் எடுத்துக் கதைத்திருந்தார். பவளத்தின் கையால் சாப்பிட்டு உடம்பு வைத்துவிட்டது என்றார். அடுத்த கிழமை பஸ்ஸில் கொழும்புக்கு வருவதாக ஏற்பாடு.

4

மறுநாள் காலை ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சனிலிருந்து ரஞ்சி அக்கா போன் எடுத்தா. ரஞ்சி அக்கா எனக்கு உறவு இல்லை. அகதி முகாமில் பக்கத்து அறையில் இருந்தவ. அதற்குப் பிறகு உறவைவிட மேல். நாள் முழுவதும் தமிழ் வானொலி கேட்கிறவ.

"மதி, அண்ணை எங்க நிக்கிறார்?"



"கொக்குவிலில. ஏன் அக்கா?"

"முகமாலையில சண்டை துவங்கீட்டுதாம். பாதையைப் பூட்டிப்போட்டாங்கள். ஊரடங்காம். போன் ஒண்டும் வேலை செய்யேல்லையாம். நீ பயப்பிடாத, என்ன?"

பயப்பிடாதே என்று சொல்லிவிட்டு அவவே அழுதா. முகமாலைதான் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியாகப் போய்வரும் ஒரே வாசல்.

கொக்குவில் இலக்கத்தை அழுத்தினேன். தொடர்பு இல்லை என்று ஒரு பெண் குரல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் சொன்னது. அந்தப் பெண்ணின் குரல் அடுத்த கிழமைகளில் எனக்கு மனப்பாடம் ஆனது.

துளசி வேலையிலிருந்து ஓடி வந்தாள். ஜெர்மன் வெளிவிவகார அமைச்சின் உதவி இலக்கத்தைத் தேடிப் பிடித்து என் கையில் தந்தாள். மனைவிதான் கதைக்க வேண்டும் என்றார்கள். அங்கே ஒரு இளம் குரல் பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னது. ஜெர்மனியில் எழுத்துக்கூட்டுவது என்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் சொல்ல வேண்டும். கவுஃப்மன், உல்ரிச், குஸ்டாவ், அன்டோன், தியோடோர் என்று முன்பின் தெரியாத ஜெர்மன்காரரை எல்லாம் வரிசையில் நிறுத்தித்தான் என் கணவரின் பெயரை நான் சொல்ல வேண்டியிருந்தது. கடைசி எழுத்துக்கு நோர்ட்போல், அதாவது வடதுருவம். வேல்ஸில் இருந்துகொண்டு, யாழ்ப்பாணத்தில் நிற்கும் மனிதருக்காக, வடதுருவம் வடதுருவம் என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"பிறந்த இடம்?"

"யாழ்ப்பாணம்."

"இப்போது இருக்கும் இடம்?"

"யாழ்ப்பாணம்."

"அப்படியானால் அவர் சொந்த ஊரில்தானே இருக்கிறார்," என்றது குரல். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. படிவத்தில் எழுதுகிற கட்டத்தில் குழப்பம் வந்திருக்கும். "அவர் ஜெர்மன் குடிமகன். அவருக்கு வேலை இருக்கு. வீடு ஜெர்மனியில்," என்றேன். எனக்கே கேட்க அந்நியமாக இருந்தது. இத்தனை வருடத்தில் வீடு ஜெர்மனியில் என்று நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

பெயரைப் பதிந்துகொண்டார்கள். செய்தி வந்தால் என் ஹேண்டிக்கு, அதாவது கைபேசிக்கு, எடுப்பார்களாம். அந்த நிமிடத்திலிருந்து ஹேண்டி என் கையை விட்டு இறங்கவில்லை.

இரண்டு நாள் அறைக்குள்ளேயே இருந்தேன். மூன்றாம் நாள் துளசி, "வெளிக்கிடுங்கோ அம்மா, போமாரிஸுக்குப் போவம்," என்றாள். கோட்டை பார்க்கத்தான். பொறுப்பாளர் அவளுக்குச் சில நாட்கள் லீவு கொடுத்திருந்தார். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கோபம் வந்தது. ஆனால் அறைக்குள் இருந்தாலும் அதே ஹேண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன். போனேன்.

போமாரிஸ் கோட்டையைச் சுற்றி அகழி. தண்ணீரில் வாத்துகள். வாசல் வளைவுக்குள் காலை வைத்ததும் ஹேண்டியின் அலைவரிசைக் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஒரு அடி பின்னுக்கு வைத்தேன், வந்தன. முன்னுக்கு வைத்தேன், போயின. அத்தனை தடிப்பான சுவர்.

"நீ போ. நான் இதில இருக்கிறன்," என்று அகழிக் கரையில் ஒரு வாங்கிலில் உட்கார்ந்தேன்.

பிள்ளைகள் புல்லில் பந்து அடித்தார்கள். ஒரு குடும்பம் துணி விரித்துச் சாண்ட்விச் சாப்பிட்டது. நான் கொட்டடியில் வளர்ந்தவள். எங்கள் வீட்டுக்கும் யாழ்ப்பாணக் கோட்டைக்கும் நடந்து போகிற தூரம். என்னைப் பொறுத்தவரை கோட்டை என்பது ஷெல் வருகிற இடம். உள்ளே ஆமி, வெளியே இயக்கப் பெடியள், நடுவில் நாங்கள். அங்கே வெடிக்கும் சத்தம் ஒரு விதம், இங்கே வந்து விழும் சத்தம் வேறு விதம். இரண்டுக்கும் இடையில் அம்மா எங்களை இழுத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவா. ஒரு நாள் அந்த இடைவெளியில் பக்கத்து வீட்டுக் குசினி இல்லாமல் போனது. கோட்டைப் புல்லில் சாண்ட்விச் சாப்பிட ஒரு நாட்டுக்கு எத்தனை நூறு வருடம் தேவை என்று அந்த வாங்கிலில் இருந்து யோசித்தேன். ஹேண்டி ஒலிக்கவில்லை.

அதற்கடுத்த நாள் கைர்நார்வன். அங்கே பஸ் பஸ்ஸாகச் சனம். வாசலுக்கு எதிரே நின்ற என்னிடம் வயதான தம்பதி ஒன்று கமராவை நீட்டி, தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் படம் எடுக்கக் கேட்டது. ஆங்கிலத்தில் இருந்த ஜெர்மன் எனக்கு உடனே பிடிபட்டது. ஜெர்மனில் பதில் சொன்னேன். அந்த அம்மா வியந்துபோய், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டா.

"வுப்பர்டால்."

"இல்லை, உண்மையில் எங்கிருந்து?"

அந்த நேரம் ஹேண்டி அடித்தது. கமரா ஒரு கையில், ஹேண்டி மறு கையில். ரஞ்சி அக்கா.

"மதி, கொக்குவில் பக்கம் ஷெல் விழுந்ததாம். பிரான்சில இருந்து ஒராள் சொன்னவர். எந்த இடமெண்டு தெரியாது."

எப்படி என்று தெரியவில்லை, அந்தத் தம்பதியைப் படம் எடுத்துக் கமராவைத் திருப்பிக் கொடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று அவர்கள் நன்றி சொன்னார்கள். அந்தப் படம் இப்போதும் ஜெர்மனியில் ஏதோ ஒரு வீட்டில் இருக்கும். 

5

அதன் பிறகு நான் எங்கும் வர மாட்டேன் என்றேன். துளசி விடவில்லை. ஹார்லெக் தூரம். பஸ்ஸும் ரயிலும் மாறிப் போக வேண்டும். ஆனால் வழி முழுவதும் கடற்கரை, அலைவரிசை இருக்கும் என்றாள். அரைமனதோடு புறப்பட்டேன். ரயிலில் அவள் அந்தக் கோட்டையின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். யார் முற்றுகையிட்டார்கள், எவ்வளவு காலம் தாக்குப்பிடித்தார்கள் என்றெல்லாம். முற்றுகை என்பதற்கு அவளுக்குத் தமிழ்ச் சொல் தெரியவில்லை. "எல்லாப் பக்கத்தாலயும் பூட்டுறது," என்றாள்.

ஹார்லெக் கோட்டை ஒரு பாறையின் உச்சியில் நிற்கிறது. வாசலுக்கு முன்னால் புல் மேடு. அங்கே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"உன்ர அப்பா அங்க பூட்டுப்பட்டுக் கிடக்கிறார். நீ எனக்கு நாளுக்கொரு கோட்டை காட்டுறாய். உனக்கு நெஞ்சில ஒண்டும் இல்லையோ, துளசி?"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாசலுக்குள் போய்விட்டாள். நான் புல்லில் உட்கார்ந்தேன். நெடுநேரம் ஆகியும் அவள் வரவில்லை. உள்ளே போய்த் தேடலாம் என்றால் ஹேண்டி. அவரையும் விட முடியவில்லை, அவளையும் விட முடியவில்லை. வாசலில் எழும்புவதும் இருப்பதுமாக இருந்தேன்.

அவள் வந்தபோது கண் சிவந்திருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"நான் கொழும்பு எம்பசிக்கு ஒவ்வொரு நாளும் காலமை எடுக்கிறன் அம்மா. நீங்கள் எழும்ப முதல், கீழ போய் நிண்டு. அங்க ஒரு பொம்பிளை இருக்கிறா. இப்ப என்ர குரல் கேட்டாலே என்ர பேரைச் சொல்லுவா. ஒண்டும் தெரியாது, ஒண்டும் தெரியாது எண்டுதான் சொல்லுறா."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ஒண்டும் தெரியாதெண்டதை எப்பிடி வந்து சொல்லுறது?"

கொஞ்ச நேரம் புல்லைப் பிடுங்கினாள். பிறகு ஜெர்மனில் தொடங்கி, நிறுத்தி, திரும்பவும் தமிழில் சொன்னாள்.

"நான் அப்பாவோட போயிருந்தா, எனக்கு செமஸ்டர் வேலை இருக்கெண்டு முந்தியே திரும்பி வந்திருப்பார். பாதை பூட்ட முதல். நான்தான் போகேல்லை. உங்களை நான் கோட்டை பாக்கக் கூட்டிக்கொண்டு வரேல்லை அம்மா. அறைக்குள்ள இருந்தா எனக்கு விசர் பிடிக்கும். அதுதான்."

பாதி விளங்கிய ஒரு பிள்ளையை இத்தனை நாளும் முழுதாய் விளங்கியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய தலையை இழுத்து என் தோளில் வைத்தேன். சுண்ணாம்பு மணம். "நீயும் போயிருந்தா நான் இப்ப ரெண்டு பேருக்கு இருந்து அழவேணும். விடு," என்றேன்.

மேட்டிலிருந்து பார்க்கக் கடல் தூரத்தில் தெரிந்தது. இடையில் மணல் மேடுகள், வீடுகள். முன்பு கடல் இந்தப் பாறையின் அடிவரை இருந்தது என்று துளசி சொன்னாள். தரைப் பக்கம் எல்லாம் பூட்டினபோது உள்ளே இருந்தவர்களுக்குச் சாப்பாடு கப்பலில்தான் வந்ததாம். பாறையின் அடியிலிருந்து மேலே ஏறப் படி இருக்கிறதாம்.

"அப்ப கடலால வரலாம்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தின் கரையைத்தான் நினைத்தோம். பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கதைத்தால் நடக்காமல் போய்விடும் என்ற பயம்.

6

லீவு முடிந்தது. அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லாமல் நான் வுப்பர்டாலுக்குத் திரும்பினேன். சலவைப் பகுதியில் ஹேண்டி வைத்திருக்க விடமாட்டார்கள். உடுப்பு மாற்றும் இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். இடைவேளைக்கு இடைவேளை ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு நாள் ஒருவருடைய உடுப்பை வேறொருவரின் அறைக்கு அனுப்பிவிட்டேன். அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. என்னுடைய பொறுப்பாளர் ஃபிரவ் பெக்கர் கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டா. கணவர் ஊரில் நிற்கிறார், பாதை பூட்டு என்று சொன்னேன். ரயில் வேலைநிறுத்தம் மாதிரி ஏதோ என்று விளங்கிக்கொண்டா என நினைக்கிறேன். இரண்டொரு நாளில் சரியாகிவிடும் என்றா.

ஒரு காலை, இயந்திரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது, ஃபிரவ் பெக்கர் படியால் இறங்கி வந்தா. அவ கீழே வருவது குறைவு.  இயந்திரச் சத்தத்தில் அவ சொன்னது கேட்கவில்லை. ஹைக்கே ஒவ்வொரு இயந்திரமாக நிறுத்தினாள்.

"உங்கள் மகள் அலுவலகத்துக்கு எடுத்தா. உங்கள் ஹேண்டி பூட்டிக் கிடக்கிறதாம்," என்றா ஃபிரவ் பெக்கர். கையில் ஒரு துண்டில் எழுதி வந்ததைப் பார்த்து வாசித்தா. "அப்பா கப்பலில் வந்துவிட்டார். திருகோணமலை. சுகமாக இருக்கிறார்."

திருகோணமலை என்பதை அவ உச்சரித்த மாதிரியை என்னால் இங்கே எழுத முடியாது. ஆனாலும் விளங்கியது. வெளிநாட்டுப் பாஸ்போட் வைத்திருப்பவர்களை ஏற்றுவதற்கு ஒரு கப்பல் விட்டிருக்கிறார்கள். இறங்கிய இடத்தில் யாரோ ஒருவரின் போனை வாங்கி, அவர் முதலில் எடுத்தது துளசிக்கு. அவளுடைய இலக்கம் மட்டும்தான் அவருக்கு மனப்பாடம் என்று பிறகு சொன்னார். பயணம் போவதற்கு முன்பு, அவளோடு கோபத்தில் இருந்த நாட்களில், எடுப்போமா விடுவோமா என்று திரும்பத் திரும்ப அழுத்தி அழித்த இலக்கமாம்.

அவிழ்த்துப்போட்ட விரிப்புக் குவியலில் அப்படியே உட்கார்ந்தேன். ஹைக்கே தண்ணீர் கொண்டுவந்தாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. நான் எழும்பும்வரை இயந்திரங்களைப் போடாமல் பக்கத்தில் நின்றாள்.

7

டுசல்டோர்ஃப் விமான நிலையத்துக்கு நானும் துளசியும் போனோம். அவள் ஒரு வாரம் முன்னதாகப் பயிற்சியை முடித்துக்கொண்டு வந்திருந்தாள். கதவு திறந்து அவர் வந்தபோது காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. துளசி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். அவர் அவளுடைய தலையைத் தடவிக்கொண்டு, "கையெல்லாம் என்ன இப்பிடி?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இனி எல்லாம் சரி என்று நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்தவர் கதைக்கவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், தொலைக்காட்சிக்கு முன்னால் சத்தம் இல்லாமல் இருந்தார். அரிசிப் பானையைத் திறந்து பார்த்து மூடுவார். நான் துருவவில்லை. ஒரு பின்னேரம் அவராகவே சொன்னார்.

"பவளமும் பிள்ளையளும் ஆமிச் சாவடி மட்டும் வந்தவை. அதுக்கு அங்கால விடேல்லை. நான் பாஸ்போட்டைக் காட்டினன், விட்டாங்கள். திரும்பிப் பாத்தன். சின்னவள் கையைக் காட்டினவள். பவளம் காட்டேல்லை. சும்மா நிண்டவள்."

"நீங்கள் என்ன செய்யிறது? நிண்டு என்ன பிரயோசனம்?"

"அவளும் அதைத்தான் சொன்னவள். போ அண்ணா எண்டு."

அதற்குப் பிறகு கொக்குவிலுக்குத் தொடர்பே கிடைக்கவில்லை. சில இடங்களுக்குப் போன் வேலை செய்வதாகச் சொன்னார்கள். பவளத்தின் வீட்டுக்கு இல்லை. அங்கே அரிசி இல்லை, மா இல்லை, மருந்து இல்லை என்று ரஞ்சி அக்கா நாளும் சொன்னா. அவர் ஒரு வாரம் முயற்சி செய்தார். பிறகு அந்தச் சிங்கள, ஆங்கில, தமிழ்க் குரலைக் கேட்க ஏலாது என்று விட்டுவிட்டார். துளசி எடுத்துக்கொண்டாள். பல்கலைக்கழகம் தொடங்கும்வரை வீட்டில்தான் நின்றாள். காலையிலும் பின்னேரத்திலும் எடுப்பாள். கிடைக்காது. வைப்பாள். ஒரு முறைகூட அலுத்துக்கொண்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் மேசையில் விளம்பரப் பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். துளசி வழமைபோல அழுத்தினாள். திடீரென்று நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் போட்டாள். தூரத்தில் மணி அடிப்பது கேட்டது.

"ஹலோ," என்றது ஒரு பெண் குரல்.

"மாமி, நான் துளசி."

"ஆர்?"

"துளசி. ஜெர்மனித் துளசி."

 தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு பவளத்தின் குரல் ஒரே மூச்சில் வந்தது.

"பிள்ளை, அண்ணா வந்து சேந்திட்டாரோ? கப்பல் வெளிக்கிட்டதுக்குப் பிறகு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையம்மா. கடல்ல அடிபட்டதெண்டு ஒரு கதை, திருப்பி அனுப்பினதெண்டு ஒரு கதை. நாங்கள் இஞ்ச ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைக்கிறம். அவர் வந்திட்டாரோ?"

கத்தி என் கையில் அப்படியே நின்றது. இத்தனை கிழமையும் நாங்கள் இங்கே சூடான வீட்டில் இருந்துகொண்டு அவர்களுக்காகப் பயந்தோம். பூட்டின ஊருக்குள், அரிசிக்கு வரிசையில் நின்றுகொண்டு, அவள் எங்களுக்காகப் பயந்திருக்கிறாள்.

"ஓம் மாமி, வந்திட்டார். சுகமா இருக்கிறார். பக்கத்தில நிக்கிறார்," என்றாள் துளசி.

அவர் எழும்பி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் போனை நீட்டினாள். அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தலையை ஆட்டினார். அவரால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது. நான் வாங்குவதற்குக் கையைத் துடைத்தேன். அதற்குள் துளசி கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய வாய் ஜெர்மனுக்குப் போகவில்லை.

"அப்பா அழுறார் மாமி, பிறகு கதைப்பார். அங்க எப்பிடி? சாப்பாடு இருக்கோ? தங்கச்சியவை எங்க? எல்லாத்தையும் எனக்குச் சொல்லுங்கோ. சொல்லுங்கோ மாமி, எனக்கு விளங்கும்."